ஒருத்திக்கு இளைக்க ஊசி, இன்னொருத்திக்குப் பருக்க மாத்திரை

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 34 வயது. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். மும்பைக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆன்டாப் ஹில்லில் ஒரு ரூமில் நானும் இன்னொரு பெண்ணும் இருக்கிறோம். இரண்டு பேருமே ஏஜெண்ட் மூலமாக எஸ்கார்ட் வேலைக்குப் போகிறோம். பழைய ஏஜெண்ட், "சதைப்பிடிப்பா இருக்கிறதுதான் உன் ரேட்டு" என்று சொல்லி, பிளஸ் சைஸ் வரிசையில் என் போட்டோவைப் போட்டிருந்தார். இப்போது இருப்பவர், "காலம் மாறிப்போச்சு, எல்லாரும் ஊசி போட்டு ஸ்லிம் ஆயிட்டாங்க, நீயும் பத்து கிலோ குறைச்சாத்தான் பெரிய ஹோட்டல் புக்கிங் வரும்" என்கிறார். அவரே மவுஞ்சாரோ என்ற எடை குறைக்கும் ஊசிப் பேனா வாங்கி வந்து, அந்த ஒரே பேனாவிலிருந்து வாரம் ஒரு தடவை எனக்கும் அவரிடம் வேலை செய்யும் வேறொரு பெண்ணுக்கும் ஆள் வைத்துப் போடுகிறார். மாதம் 20,000 ரூபாய் என் கணக்கில் பிடிக்கிறார். மூன்றாவது வாரமே டோஸைக் கூட்டிவிட்டார். ஆறு வாரத்தில் 75 கிலோவிலிருந்து 71-க்கு வந்திருக்கிறேன். அடிக்கடி வாந்தி. போன வாரம் ஒரு லாட்ஜில் தலைசுற்றி விழப் பார்த்தேன்.

என் ரூம் பெண்ணுக்கு 23 வயது, ஒல்லி. அவளுடைய ஏஜெண்ட் "பாடி ஏத்த" என்று சின்ன வெள்ளை மாத்திரை கொடுக்கிறார். எட்டு மாதமாகச் சாப்பிடுகிறாள். முகம் உருண்டையாகிவிட்டது, கை கால் மட்டும் அப்படியே இருக்கிறது. வயிற்றில் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கிறது. நான் திட்டியதால் நாளையோடு நிறுத்துகிறேன் என்கிறாள்.

என் உயரம் 157 செ.மீ. மூன்று மாத சர்க்கரை 6.1 என்று வந்தது. மாலா-டி கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். நான் நிஜமாகவே எடையைக் குறைக்க வேண்டுமா? ஊசியைத் தொடரலாமா? — பெயர் வேண்டாம், மும்பை.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு முன்னால் உங்கள் ரூம் பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும். அவள் அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நீங்கள் அக்கறையோடுதான் திட்டியிருக்கிறீர்கள். ஆனால் உருண்டை முகம், மெலிந்த கை கால், வயிற்றில் சிவந்த கோடு, எட்டு மாதம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தால் அது ஸ்டீராய்டு, பெரும்பாலும் டெக்சாமெத்தசோன், என்றே சந்தேகப்படுகிறேன். கூடவே பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடின் மாத்திரையும் இருக்கலாம். வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையை ஒரே நாளில் விட்டால் சுரப்பியால் உடனே எழுந்திருக்க முடியாது. ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், மருத்துவர் கணக்குப் போட்டுத்தான் அதைக் குறைக்க முடியும்.

ஆகவே நாளை அவள் வழக்கமான மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, அந்த அட்டையையோ உதிரி மாத்திரைகளையோ கையில் எடுத்துக்கொண்டு சயான் மருத்துவமனையின் மெடிசின் ஓ.பி.க்குப் போகட்டும். தாராவி பக்கம் வசதி என்றால் சோட்டா சயான் மருத்துவமனைக்கும் போகலாம், அங்கிருந்து அனுப்பி வைப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பொட்டாசியம், கார்டிசால் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே முதல் வார்த்தையாக "எட்டு மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். என்ன வேலை செய்கிறாள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை.

இந்த மாத்திரை இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. வங்காளதேசத்துப் பாலியல் விடுதிகளில் இளம்பெண்களை வயதுக்கு மீறிப் பருமனாகக் காட்ட, மாட்டைக் கொழுக்க வைக்கப் பயன்படுத்தும் அதே ஸ்டீராய்டைக் கொடுத்து வந்தார்கள். 2010 வாக்கில் ஆக்‌ஷன் எய்ட் அமைப்பு அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. பதினைந்து வருஷம் கழித்து மும்பையில் ஒரு ரூமிலிருந்து அதே கதை எனக்குக் கடிதமாக வருகிறது என்றால், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

இப்போது உங்கள் ஊசி. அடுத்த வாரத்து ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டைப் போல இல்லை, இதைச் சட்டென்று நிறுத்துவதால் ஆபத்து இல்லை.

ஒரே பேனாவிலிருந்து உங்களுக்கும் இன்னொருவருக்கும் போடுகிறார்கள் என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. நுனி ஊசியை மாற்றினாலும் போதாது. குத்தும்போது ஒருவருடைய ரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவில் பேனாவுக்குள் போய்விட முடியும். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் அது ஒரு வழி. அந்தப் பேனாவில் நாலு வாரத்துக்கு உண்டான மருந்து இருக்கும், ஆனால் அது ஒரே ஆளுக்கு. நீங்களும் அந்தப் பெண்ணும் இப்போது ஒரு தடவையும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் ஆறு மாதம் கழித்து ஒரு தடவையும் இந்த மூன்று பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள ஐ.சி.டி.சி. என்ற ஆலோசனை, பரிசோதனை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் அதைச் செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. கடைசி ஊசி போட்டு 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் 28 நாள் மருந்தை அதற்குள்தான் தொடங்க முடியும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால், ரத்தத்தில் ஏற்கெனவே இல்லை என்று தெரிந்தவுடன் மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் வேலைக்கு அது மிக அவசியம்.

அப்புறம் மாலா-டி. மவுஞ்சாரோவில் இருப்பது டிர்செபடைட் என்னும் மருந்து. அது வயிறு காலியாவதை மெதுவாக்கும், அதனால் விழுங்கும் கருத்தடை மாத்திரை உடம்பில் சேர்வது குறையும். ஊசி தொடங்கிய பிறகு நாலு வாரம், ஒவ்வொரு முறை டோஸ் கூட்டிய பிறகும் நாலு வாரம், மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது என்று மருந்துக் கம்பெனியின் குறிப்பிலேயே இருக்கிறது. நீங்களோ வாந்தியும் எடுத்திருக்கிறீர்கள். ஊசி போட்ட ஆள் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆணுறை இல்லாமல் ஒரு தடவை நடந்திருந்தாலும், அது கிழிந்திருந்தாலும், இந்த வாரமே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். இனிமேலும் ஊசி வேண்டுமென்று முடிவெடுத்தால் காப்பர்-டி மாதிரி வயிற்றைச் சாராத ஒரு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் காரணம் சுலபமாகத் தெரிகிறது. 2.5 மில்லிகிராமில் ஆரம்பித்தால் குறைந்தது நாலு வாரம் அதிலேயே இருந்த பிறகுதான் 5-க்குப் போக வேண்டும். உங்களுக்கு மூன்றாவது வாரமே கூட்டிவிட்டார்கள். சாப்பாடு உள்ளே போகவில்லை, தண்ணீர் போகவில்லை, அந்த நிலையில் கஸ்டமரோடு குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். தெரியாத ஒரு அறையில், தெரியாத ஆளுக்கு முன்னால் நீங்கள் மயங்கி விழுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த மருந்து உடம்பை விட்டுப் போகச் சில வாரமாகும். அதுவரை காலி வயிற்றோடு புக்கிங்குக்குப் போகாதீர்கள். மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுவரை பரவினால் கணையம் வீங்கியிருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, "காலம் மாறிப்போச்சு" என்கிறாரே உங்கள் ஏஜெண்ட், அதில் எவ்வளவு உண்மை?

நம் பெண்களின் எடை மாறியிருப்பது உண்மை. 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எடை குறைந்தவர்கள், எட்டில் ஒருவர்தான் எடை கூடியவர். 2019-21 கணக்கெடுப்பில் எடை குறைந்தவர்கள் 18.7 சதவீதம், கூடியவர்கள் 24 சதவீதம். தமிழ்நாட்டில் எடை கூடிய பெண்கள் 40.4 சதவீதம். வீட்டில் இருக்கும் பெண், ஆபீஸ் போகும் பெண் எல்லாருக்கும் நடந்ததுதான் உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் நடந்திருக்கிறது.

ஆண்களின் ரசனை என்று சொல்கிறார்களே, அது பல தடவை திரும்பிவிட்டது. 1986-ல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில்தான் கண்டுபிடித்தார்கள். உகாண்டாவில் அப்போது எய்ட்ஸுக்கு "ஸ்லிம்" நோய் என்றே பெயர். அந்தப் பயம் பரவியபோது இளைத்த பெண் என்றாலே நோயாளி என்று ஒதுக்கினார்கள். மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதியான காமாட்டிபுராவில் இருந்த மூத்த பெண்கள், காய்ச்சலில் இரண்டு கிலோ குறைந்தாலே வருமானம் போய்விடும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதே 90-களில் தமிழ்நாட்டில் இட்லிக்கே குஷ்பு பெயரை வைத்துக் கொண்டாடினார்கள். 2008 வாக்கில் இந்திப் பட உலகம் சைஸ் ஜீரோவைப் பிடித்துக்கொண்டது. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வீகோவி என்ற இன்னொரு எடை குறைக்கும் ஊசி வந்தது. பணக்காரர்கள் இளைத்தார்கள், இப்போது இளைத்த உடம்பு பணக்கார உடம்பாகத் தெரிகிறது. உங்கள் ஏஜெண்ட் பெரிய ஹோட்டலைக் காட்டி ஆசை காட்டுவதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

ரசனை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2006-ல் பிரிட்டனில் விரேன் சுவாமியும் மார்ட்டின் டோவீயும் பல்கலைக்கழக உணவுக்கூடத்துக்குச் சாப்பிட வந்த ஆண்களிடமும், சாப்பிட்டு வெளியே போன ஆண்களிடமும் ஒரே பெண் படங்களைக் காட்டினார்கள். பசியோடு இருந்தவர்களுக்குக் கொஞ்சம் பருமனான பெண்கள் அதிக அழகாகத் தெரிந்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் மாறும் விஷயத்துக்காக நீங்கள் கணையத்தையும் பித்தப்பையையும் பணயம் வைக்க வேண்டுமா?

இன்னொன்றும் மாறியிருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. விடுதி வாசலில் நின்ற காலத்தில் வாடிக்கையாளர் முழு ஆளைப் பார்த்தார். பேச்சு, சிரிப்பு, சுபாவம் எல்லாம் சேர்ந்துதான் பேரம். இப்போது போனில் ஒரு சின்னப் படம், பக்கத்தில் ஸ்லிம், கர்வி, பிளஸ் சைஸ் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைப் போடுவது நீங்களல்ல, ஏஜெண்ட். பழையவர் உங்களைப் பருமனான வரிசையில் விற்றார், புதியவரிடம் அந்த வரிசைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கலாம். உங்கள் ரூம் பெண்ணைப் பருக்க வைப்பதும், உங்களை இளைக்க வைப்பதும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில், ஒரே தொழிலுக்காக நடக்கிறது. இதில் "எல்லாரும் ஸ்லிம் கேக்கறாங்க" என்பது எங்கே இருக்கிறது? அவரவர் பட்டியலில் காலியாக இருக்கும் இடத்துக்கு உங்கள் உடம்பை வெட்டித் தைக்கப் பார்க்கிறார்கள்.

பணத்தையும் பாருங்கள். 2.5 மில்லிகிராம் பேனா இங்கே அறிமுகமானபோது விலை சுமார் 14,000 ரூபாய், அது ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்கு. உங்கள் இரண்டு பேரிடமும் தலைக்கு 20,000 பிடிக்கிறார் என்றால் ஊசியே அவருக்கு ஒரு வருமானம். புக்கிங் வந்தாலும் வராவிட்டாலும் கடன் உங்கள் தலையில் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒருவரின் உடம்பை "சரியில்லை, சரியில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அவர் பேரம் பேசும் தைரியம் போய்விடும். மருத்துவராக எனக்கு இதில் பெரிய கவலை இருக்கிறது. மெக்சிகோவில் பாலியல் தொழிலாளர்களிடம் செய்து 2005-ல் வெளியான ஆய்வில், ஆணுறை வேண்டாம் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் அதற்காக 23 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தது தெரிந்தது. மும்பையிலும் அந்தப் பேரம் எப்படி வரும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். நம் ரேட்டு இறங்கிவிட்டது என்ற பயத்தில் இருக்கும் பெண்தான் அந்தக் கூடுதல் பணத்துக்குத் தலையாட்டுவாள். எடை எவ்வளவு இருந்தாலும், எந்த வரிசையில் போட்டிருந்தாலும், ஆணுறை விஷயத்தில் நீங்கள் இறங்கி வராதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நீங்கள் எடையைக் குறைக்க வேண்டுமா? ஓரளவு, ஆம். காரணம் ஏஜெண்ட் அல்ல, உங்கள் சர்க்கரை. 157 செ.மீ. உயரத்துக்கு 71 கிலோ என்றால் பி.எம்.ஐ. 28.8. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே கவனிக்கச் சொல்கிறோம், 25-க்கு மேல் உடல்பருமன் என்கிறோம். மூன்று மாத சர்க்கரை 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோயின் வாசல்படி. நீங்கள் அங்கே நிற்கிறீர்கள், இன்னும் உள்ளே போகவில்லை. 75 கிலோவில் 5 சதவீதம் என்பது நாலு கிலோகூட இல்லை. அந்த அளவு குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது. அதாவது, மருத்துவக் கணக்கில் உங்களுக்குத் தேவையான முதல் கட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. இதை மறுபடி ஏறாமல் பிடித்துவைப்பதுதான் இனி வேலை. பத்து கிலோ என்பது அவருடைய கணக்கு.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போல வாசல்படியில் நின்றவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2006-ல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் சர்க்கரை நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாக இறங்காதபோதும் அந்தப் பலன் கிடைத்தது. எடை மெஷினில் முள் நகரவில்லை என்றாலும் உங்கள் நடை வீண்போகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ராத்திரி வேலைக்குத் தகுந்த சாப்பாடு என்றால், உங்களுக்குக் காலை டிபன், மதிய மீல்ஸ் என்ற பத்திரிகை அட்டவணை உதவாது. வேலைக்குக் கிளம்பும் முன், சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிடுங்கள்: இரண்டு முட்டையோ மீனோ, கொஞ்சம் சோறு அல்லது இரண்டு சப்பாத்தி, பருப்பு, ஒரு காய். இதுதான் உங்கள் பெரிய சாப்பாடு. ராத்திரி மூன்று மணிக்குத் திரும்பும்போது வழியில் கிடைக்கும் வடாபாவும் ஷெஸ்வான் ரைஸும்தான் உங்கள் எடையில் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். ரூமில் வேகவைத்த கொண்டைக்கடலையும் தயிரும் தயாராக இருந்தால் வழியில் வாங்கத் தோன்றாது. மதுவை முழுதாகத் தவிர்க்க முடியாத புக்கிங் இருக்கும், எனக்குப் புரிகிறது. கிளாஸில் முதலில் சோடாவை ஊற்றிக்கொண்டு, ஒரே கிளாஸை நெடுநேரம் வைத்திருங்கள். தூங்கி எழுந்து அரைமணி நேரம் வேகமாக நடங்கள், மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் உங்களுக்குப் பக்கம்தான். பகல் தூக்கத்துக்கு ஜன்னலில் கனமான துணி போடுங்கள். தூக்கம் கெட்டால் பசி கூடும்.

இந்த ஊசி மருந்தே கெட்டது என்று நான் சொல்லவில்லை. பி.எம்.ஐ. 27-க்கு மேல் இருந்து கூடவே எடை சார்ந்த வேறு கோளாறும் இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் இதை எழுதுகிறார்கள், உங்களுக்கும் பொருந்தக்கூடும். அதை கே.இ.எம். மருத்துவமனையின் எண்டோகிரைனாலஜி பிரிவில் ஒரு மருத்துவர் உங்களைப் பரிசோதித்துச் சொல்லட்டும். குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உண்டா, உங்களுக்குக் கணைய வீக்கமோ பித்தப்பைக் கல்லோ வந்ததுண்டா என்று கேட்பார்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்: இதே வகையைச் சேர்ந்த செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பி வந்தது. ஏஜெண்ட் வாங்கித் தருவதை நிறுத்தும் நாளில் உங்கள் எடை என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் இருக்கும். வாதம் செய்ய வேண்டாம். "சர்க்கரை எல்லையில இருக்கு, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்" என்று மட்டும் சொல்லுங்கள், பொய்யும் இல்லை. இதுவரை பிடித்த பணத்தைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மிரட்டினால் தெரிந்துகொள்ளுங்கள்: வயது வந்த பெண் தன் விருப்பப்படி இந்த வேலை செய்வது அதனாலேயே குற்றமாகாது, அவளுடைய சம்பாத்தியத்தில் பிழைப்பதுதான் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களுக்கும் கண்ணியமான வாழ்க்கைக்கு உரிமை உண்டு என்றும் போலீஸ் அவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டது. பரிசோதனை மையம், மருந்து பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண் இருக்கிறது. மனசு ரொம்ப பாரமாக இருந்தால் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, உங்கள் போட்டோ. நாலு கிலோ குறைந்த பிறகும் பழைய படமே ஓடிக்கொண்டிருக்கும், அல்லது அவர் அதைக் கம்ப்யூட்டரில் இன்னும் இளைக்க வைத்திருப்பார். படத்துக்கும் ஆளுக்கும் பொருந்தாவிட்டால் அறைக்குள் நுழைந்த கஸ்டமரின் கோபம் ஏஜெண்ட் மேல் பாயாது, உங்கள் மேல்தான் பாயும். இப்போது எப்படி இருக்கிறீர்களோ அப்படியே ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், அதைத்தான் போட வேண்டும் என்று சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து சர்க்கரையை மறுபடி பார்த்துவிட்டு, ரத்த அழுத்தத்தையும் தொப்புளுக்கு நேராக எடுத்த இடுப்புச் சுற்றளவையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். 80 சென்டிமீட்டருக்குள் வந்திருக்கிறதா என்று பார்ப்போம்.